ஐந்து அங்குலக் கழித்தல் கணக்கு

கல்லூரி நண்பன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். பல வருஷமாக சனி, ஞாயிறு வந்தால் ஒரு பழைய ஜீப் ராங்ளரோடுதான் குடித்தனம். பாறை மேல் ஏற்றி இறக்கும் விளையாட்டுக்கு வண்டியைத் தயார் செய்கிறான். போன மாதம் போனில் ஒரு கேள்வி கேட்டான். "டேய், நீயும் மெக்கானிக்கல்தானே படிச்ச? முன் ஆக்ஸில்ல அஞ்சு அங்குலம் வெட்டணும். கணக்கு போட்டுக் குடு."

நான் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். 65-ல் 5 போனால் 60, இதில் என்ன கணக்கு என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோது, அது கழித்தல் கணக்கே இல்லை என்று தெரிந்தது. கூடவே ஒரு நல்ல வரலாறும் கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

முதலில், எதற்காக வெட்ட வேண்டும்? நண்பனின் வண்டி 1987 முதல் 1995 வரை வந்த ஒய்.ஜே. ராங்ளர். அதில் தொழிற்சாலையிலேயே வரும் முன் ஆக்ஸில் டானா 30. பெரிய டயர் போட்டுப் பாறையில் ஏற்றினால் தாங்காது. அதைவிடப் பலமானது டானா 44. அதிலும் 1978, 79 ஆகிய இரண்டே வருஷங்கள் ஃபோர்டு பிராங்கோவில் வந்த டானா 44-க்கு மவுசு அதிகம். அதில் பினியன் ஆக்ஸிலின் மையக் கோட்டுக்கு மேலே இருக்கும். அதனால் அதோடு சேரும் டிரைவ் ஷாஃப்ட் பாறையில் இடிக்காது. 1980-ல் ஃபோர்டு இந்த ஒற்றை இரும்புத் தண்டை விட்டுவிட்டு, இரண்டாகப் பிரிந்து அசையும் வேறு அமைப்புக்கு மாறிவிட்டது. ஆக, இந்த ஆக்ஸில் இனி புதிதாகப் பிறக்கப் போவதில்லை. உடைசல் கடையில் கிடைத்தால் உண்டு.

இன்னொரு வசதி, இரண்டு வண்டிகளிலும் டிஃபரன்ஷியல் இடது பக்கம் தள்ளி இருக்கிறது. ஒரே சிக்கல் அகலம். சக்கரம் பொருந்தும் முகப்பிலிருந்து முகப்பு வரை ராங்ளரில் ஏறக்குறைய 60 அங்குலம், பிராங்கோவில் ஏறக்குறைய 65.

இங்கே கொஞ்சம் பின்னால் போகலாம்.

குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதுமாக நடுவில் ஒரு ஆணியில் திரும்பும். திருப்பம் கடுமையாக இருந்தால் வண்டி கவிழும். அச்சை அசையாமல் வைத்து, இரு முனைகளிலும் சக்கரங்களை மட்டும் திருப்பும் வழியைக் கண்டுபிடித்தவர் மியூனிக்கைச் சேர்ந்த வண்டி செய்பவர் லாங்கென்ஷ்பெர்கர். அதற்கு 1818-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பதிந்தவர் ருடால்ஃப் ஆக்கர்மான். பாடப்புத்தகத்தில் நின்றது ஆக்கர்மான் பெயர்தான். பதிந்தவருக்குத்தான் பெயர், அன்றும் இன்றும்!

சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே சக்கரத்துக்கு இன்ஜின் சக்தியும் போக வேண்டும் என்றபோது அடுத்த சிக்கல் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் ஆட்டோ ஸாக்கோவும் வில்லியம் பெஸர்டிச்சும் இதற்கு ஒரு மூட்டு அமைப்பைச் செய்து 1908-ல் காப்புரிமை வாங்கினார்கள். இதற்கிடையே, கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர் தன் யுனிவர்சல் ஜாயிண்டுக்கு 1903-ல் காப்புரிமை பெற்று, அடுத்த வருஷமே தொழில் தொடங்கினார். 1914-ல் அந்த நிறுவனத்துக்குள் வந்தவர் சார்லஸ் டானா. 1946-ல் நிறுவனத்தின் பெயரே டானா என்று மாறியது. என் நண்பன் வெட்ட நினைக்கும் ஆக்ஸிலில் இருக்கும் 'டானா' இவர்தான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1940. அமெரிக்க ராணுவம் சின்னதாக ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி கேட்டது. முதல் மாதிரிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பாண்டம் நிறுவனத்துக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் ஜூலை 17 அன்று வேலையைத் தொடங்கினார். செப்டம்பர் 23 அன்று வண்டி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. 49 நாளில் புது ஆக்ஸிலை வடிவமைத்து, வார்த்து, சோதித்து முடிக்க முடியுமா? முடியாது. ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற பயணிகள் காரின் ஆக்ஸிலை எடுத்து, ஸ்பைசர் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. பிறகு லட்சக்கணக்கில் வந்த வில்லிஸ் ஜீப்பில் இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தடம் 49 அங்குலம்தான். கிளைடர் விமானத்தின் வயிற்றுக்குள்ளே ஏற்றக்கூடிய அளவு ஒடுக்கம்.

அதாவது, முதல் ஜீப்பே அடுத்த வண்டியின் ஆக்ஸிலைத் தன் அளவுக்கு மாற்றிக்கொண்டு பிறந்ததுதான். நண்பன் செய்வது ஒன்றும் புதுக் கிறுக்குத்தனம் இல்லை.

சரி, வெட்டுவதற்கு வருவோம். பின் ஆக்ஸில் என்றால் எடையும் சக்தியும் மட்டும்தான். முன் ஆக்ஸில் திரும்பவும் வேண்டும். நடுவில் வார்ப்பிரும்பு ஹவுசிங், இரு பக்கமும் அதில் அடித்து ஏற்றிய குழாய், குழாயின் முனையில் ஆங்கில 'சி' எழுத்து வடிவில் ஒரு இரும்பு. அந்த 'சி'-யில்தான் சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் தொங்குகிறது. பிராங்கோவில் இடது குழாய் மிகக் குட்டை, அங்கே வெட்ட இடமில்லை. வெட்டுவது வலது பக்கம் மட்டுமே. 'சி'-யின் வெல்டிங்கை அறுத்துக் கழற்றி, குழாயை 5 அங்குலம் குறைத்து, மறுபடி 'சி'-யை ஏற்றி வெல்டிங் செய்ய வேண்டும்.

ஆபத்து இருப்பது இந்தக் கடைசி வேலையில். 'சி' எந்தக் கோணத்தில் உட்காருகிறதோ அதுதான் காஸ்டர், அதாவது திருப்பும் அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். இடதும் வலதும் வேறுபட்டால் காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும். இரண்டு பக்கமுமே குறைந்தால் ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும். வண்டியை உயர்த்தியவர்கள் டிரைவ் ஷாஃப்டுக்காகப் பினியனை மேல்நோக்கித் திருப்புவார்கள். அப்போது 'சி'-யின் தலை முன்னால் சாய்ந்து காஸ்டர் குறையும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பதால், சிலர் இரண்டு பக்க 'சி'-யையும் கழற்றிக் கோணத்தைப் புதிதாக வைக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் குழாய் வளைந்தால் இவ்வளவும் வீண். நிரலில் ஒரு வரி மாற்றப் போய் நாலு இடத்தில் உடையும் என்பார்களே, அதேதான். நிரல் உடைந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். மலைப்பாதையில் வெல்டிங் விட்டால்?

உள்ளே இருக்கும் ஷாஃப்டும் அதே 5 அங்குலம் குறைய வேண்டும். வெட்டி, முனையில் புதிதாகப் பல் வெட்டலாம். ஆனால் நடுவில் மெலிந்த ஷாஃப்ட் என்றால் பல் வெட்டச் சதை போதாது. சரியான நீளத்தில் வேறு மாடலுக்கு வந்த ஷாஃப்டைத் தேடி, அதற்கேற்பக் குழாயை வெட்டுவதே புத்திசாலித்தனம். ஷாஃப்டைப் பார்த்து அளவு, அளவைப் பார்த்து ஷாஃப்ட் இல்லை.

கடைசியாக ஆக்கர்மான். முன் சக்கரங்களின் ஸ்டியரிங் கைகள் பின் அச்சின் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. அந்தச் சாய்வு, அகலத்துக்கும் சக்கர இடைவெளிக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. பிராங்கோவின் முன்பின் சக்கர இடைவெளி 104 அங்குலம், ராங்ளருக்கு 93.4. தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். பிராங்கோவில் 65-ஐ 104-ஆல் வகுத்தால் 0.63. வெட்டாமல் ராங்ளரில் மாட்டினால் 0.70. 5 அங்குலம் வெட்டி மாட்டினால் 0.64!

வெட்டினால் திருப்பக் கணக்கு கெட்டுவிடும் என்று பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். வெட்டினால்தான் அது பழைய இடத்துக்கு வருகிறது. குட்டை வண்டிக்குக் குட்டை அச்சு.

நண்பனிடம் சொன்னேன். "அஞ்சு சரிதான்டா. ஆனா ஷாஃப்ட் கையில கிடைக்கிற வரைக்கும் குழாயைத் தொடாதே. அந்த வெல்டிங்கை மட்டும் நீ பண்ணாதே, அதுக்குன்னே ஜிக் வச்சிருக்கறவங்ககிட்ட குடு." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ரெண்டாவது விஷயத்தை என் பொண்டாட்டியும் சொன்னா" என்றான்.