ரகூ: பொலோன்யாவின் கறியும் பல்லடத்துச் சட்டியும்

ரகூ என்பது இத்தாலியில் பாஸ்தாவோடு கலந்து உண்ணச் சமைக்கும் இறைச்சிக் குழம்பு. குழம்பு என்று சொன்னாலும் அது சாதத்தில் ஊற்றிப் பிசையும் பதத்தில் இருக்காது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வெண்ணெயிலோ கொழுப்பிலோ வதக்கி, கொத்திய கறியைச் சேர்த்து நிறம் மாறும்வரை வறுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு ஊற்றிச் சிறுதீயில் இரண்டு மூன்று மணி நேரம் சுண்ட வைப்பார்கள். இறக்கும்போது தொக்குக்கும் குழம்புக்கும் நடுவிலான பதம். இதில் பேர்போனது வட இத்தாலியின் பொலோன்யா நகரத்து ரகூ.

திருப்பூர் மாவட்டத்துப் பல்லடத்துக்கு இறைச்சி புதிதல்ல. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை நாள்தோறும் இந்த ஊரிலிருந்துதான் அறிவிக்கப்படுகிறது. நாளிதழ்களில் நாமக்கல் முட்டை விலை, முட்டைக்கோழி விலை, பல்லடம் கறிக்கோழி விலை மூன்றும் ஒரே பெட்டிச் செய்தியாக வரும். ரகூவைப் பல்லடத்து வீட்டில் சமைக்க நினைப்பவர் அந்தப் பெட்டிச் செய்தியில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது, அந்தக் குழம்பின் வரலாற்றைப் படித்தால்தான் விளங்கும்.

ரகூ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சுவையைத் தூண்டுவது, மங்கிய பசியை எழுப்புவது என்ற பொருளில் பிரான்சில் வழங்கிய 'ரகூ', 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்களின் சமையலறைக்குள் நுழைந்தது. அங்கே அது தனியாக உண்ணும் கறி. பாஸ்தாவோடு அதைச் சேர்த்ததற்கு நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்று, பொலோன்யாவுக்கு அருகிலுள்ள இமோலா நகரில் சமையல்காரராக இருந்த அல்பெர்தோ அல்விசியின் குறிப்பு. அவர் வேலை பார்த்தது இமோலாவின் ஆயரான கர்தினால் கியராமோந்தியிடம். இந்தக் கர்தினால்தான் 1800இல் ஏழாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார்.

அடுத்து வருபவர் பெல்லெக்ரினோ அர்த்தூசி. துணித் தொழிலில் வாழும் பல்லடத்தார் இவரை அறிந்திருக்க வேண்டும்; ஏனெனில் இவர் பட்டு வணிகர். 1820இல் ஃபொர்லிம்பொபோலி என்ற சிற்றூரில் பிறந்தார். 1851இல் ஒரு கொள்ளைக் கூட்டம் அந்த ஊரைச் சூறையாடிய பிறகு, குடும்பம் ஃபுளோரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பட்டு வியாபாரத்தில் நல்ல பொருள் ஈட்டி, 50 வயதை ஒட்டித் தொழிலை விட்டார். பிறகு இத்தாலியின் பல ஊர் வீட்டுச் சமையலைத் திரட்டி, தம் வீட்டு அடுப்பில் சமைத்துப் பார்த்து ஒரு நூல் எழுதினார். பதிப்பாளர்கள் கைவிரித்தார்கள். 1891இல், தம் 71ஆம் வயதில், கைக்காசு போட்டு அவரே அச்சிட்டார். 475 குறிப்புகளோடு தொடங்கிய அந்த நூல், அவர் 1911இல் இறப்பதற்குள் 790 குறிப்புகளாக வளர்ந்து, இத்தாலிய வீடுகளில் மாமியார் மருமகளுக்குக் கொடுக்கும் நூலாகிவிட்டது.

அதில் 'பொலோன்யா முறை மக்ரோனி' என்றொரு குறிப்பு உண்டு. கொழுப்பில்லாத கன்றுக்கறி 150 கிராம், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி வயிற்றுக்கறி 50 கிராம், வெண்ணெய் 50 கிராம், கால் வெங்காயம், அரைக் கேரட், கொஞ்சம் செலரித் தண்டு, சாறு, ஜாதிக்காய். விருப்பம் இருந்தால் காய்ந்த காளான், கோழி ஈரல். பாஸ்தாவுக்கு அவர் சொல்வது, பொலோன்யாக்காரர்கள் குதிரைப்பல் என்று அழைக்கும் குட்டை மக்ரோனி. இவ்வளவு சொன்னவர் தக்காளியைச் சொல்லவே இல்லை. இன்று உலகம் முழுவதும் சிவப்பாகப் பரிமாறப்படும் இந்தக் குழம்பு, 1891இல் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது.

தக்காளி இத்தாலிக்குத் தெரியாத பொருளல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பா வந்த அந்தப் பழத்தைக் கொண்டு சாறு செய்யும் குறிப்பை, நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி 1690களிலேயே அச்சில் ஏற்றிவிட்டார். வடக்கேதான் அது தாமதமாகச் சட்டிக்குள் வந்தது. தமிழ்நாட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான். மிளகாய், தக்காளி இரண்டும் கப்பலில் வந்தவை. மிளகும் புளியும் ஆண்ட குழம்பில் அவை பின்னாளில் இடம் பிடித்தன. இன்று உடுமலை வட்டாரத் தக்காளி இல்லாமல் கொங்குச் சமையலறையை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் கறிக்குழம்பு வைக்கும் பாட்டி ஒருவர் இன்றைக்கும் தக்காளியை அளந்துதான் போடுவார். பொலோன்யாவின் பழைய கையும் அப்படி அளந்து போட்ட கைதான்.

பொலோன்யாவும் ஒரு காலத்தில் நூல் நகரம். 14ஆம் நூற்றாண்டு முதலே வாய்க்கால் நீரின் விசையால் சுழலும் பட்டு முறுக்கும் ஆலைகள் அங்கே இயங்கின. அந்தத் தொழில் போய்விட்டது. சாப்பாட்டுப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்ற ஊரார் எடுத்துக்கொண்ட அக்கறை கொஞ்சநஞ்சமல்ல. 1982 அக்டோபர் 17 அன்று, இத்தாலியச் சமையல் கழகத்தின் பொலோன்யாக் கிளை, ரகூவின் செய்முறையை நகரத்து வணிகர் சபையில் பத்திரம்போலப் பதிவு செய்தது. மாட்டின் வயிற்றுத் தசை 300 கிராம், பன்றி வயிற்றுக்கறி 150 கிராம், தக்காளிச் சாறு ஐந்தே கரண்டி, ஒயின், ஒரு குவளைப் பால். 2023 ஏப்ரலில் இதைத் திருத்திப் புதிதாகப் பதிவு செய்தார்கள். மாட்டிறைச்சி 400 கிராம் ஆனது, தக்காளி 200 கிராம் வரை கூடியது, பால் விருப்பப்பட்டால் மட்டும் என்றானது. வேகும் நேரத்தில் மட்டும் தளர்வு இல்லை: குறைந்தது இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்றால் நல்லது.

கறியைப் பதிவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1972இல், அதோடு சேரும் தல்யதெல்லே என்ற நாடா பாஸ்தாவின் அகலத்தையும் பதிந்திருந்தார்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர். ஊரின் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. அந்த நாடாவைத் தங்கத்தில் செய்து சபையில் வைத்திருக்கிறார்கள். நூல் போன்ற ஸ்பகெட்டியோடு ரகூவைக் கலப்பது வெளிநாட்டுப் பழக்கம். வெளியூர்க் கடைகளில் 'பொலோன்யா ஸ்பகெட்டி' என்று விற்பதன் படங்களை அனுப்பச் சொல்லி, 2019இல் நகரத் தலைவர் விர்ஜீனியோ மெரோலா மக்களைக் கேட்டுக்கொண்டார்.

தெற்கே நேப்பிள்ஸின் ரகூ வேறு இனம். அங்கே கறியைக் கொத்துவதில்லை. பெரிய துண்டுகளாகத் தக்காளிச் சாற்றில் போட்டு, மேலே எப்போதாவது ஒரு குமிழி வெடிக்கும் அளவு தீயில் மணிக்கணக்காக வைப்பார்கள். சாறு பாஸ்தாவுக்கு, கறி அடுத்த தட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு சனிக்கிழமையே அடுப்பு மூட்டுவது வழக்கம். நாடகாசிரியர் எதுவார்தோ தெ ஃபிலிப்போ 1959இல் எழுதிய 'சனி, ஞாயிறு, திங்கள்' நாடகத்தில், முழுக் குடும்பச் சண்டையும் இந்த ரகூவைச் சுற்றியே நடக்கிறது. சனிக்கிழமை மாலை பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம், ஞாயிறு காலை கறிக்கடையில் கூட்டம் என்று வாழும் திருப்பூர் வட்டாரத்துக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை நேரம் எதற்கு என்பதற்குக் காரணம் கறிக்குள்ளேயே இருக்கிறது. அதிகம் உழைக்கும் தசையில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு கூடுதலாக இருக்கும். வயதான விலங்கில் அது இன்னும் கெட்டியாகும். மெல்ல முடியாமல் சவ்வுபோல் இழுபடுவது அதனால்தான். ஈரச் சூட்டில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, நெடுநேரம் இருந்தால் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. கறி மெத்தென்று ஆவதும், சாறு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வருவதும் இந்த மாற்றத்தால். தொடக்கத்தில் கறியை நன்றாக வறுப்பதற்கும் காரணம் உண்டு. நீரில் வேகும் கறியில் வறுத்த மணம் வராது; அதைத் தருவது உலர்ந்த சூட்டில் நடக்கும் மையார் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீய் மையார் அதை 1912இல் விளக்கினார். சட்டியில் ஈரம் வற்றி, சலசலப்பு மாறி எண்ணெய் பொரியும் ஓசை கேட்டபிறகே சாறு ஊற்ற வேண்டும் என்பது சமையல்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்த சேதி.

நம் வீடுகளில் இந்த இடத்தில் பிரஷர் குக்கர் குறுக்கிடும். அதைத் தள்ள வேண்டியதில்லை. அதன் மூதாதையான ஆவிக்கலத்தை, டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் காட்டியதே எலும்பையும் கடினமான கறியையும் குழைய வைக்கத்தான். குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 பாகைக்குப் போவதால், மூன்று மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது. ஆனால் குக்கர் நீரை வெளியே விடாது. சாறு சுண்டாது, காய்கறியின் இனிப்பும் புளிப்பும் செறிவாகாது. ஆகவே விசில் அடங்கியபின் மூடியைத் திறந்து, இன்னும் முக்கால் மணி நேரமாவது அடிகனமான சட்டியில் சிறுதீயில் வைத்தால்தான் அது ரகூ. அந்த முக்கால் மணியைத் தவிர்த்தால் கிடைப்பது கொத்துக்கறிச் சாறு.

இனிப் பல்லடத்துக் கோழிக்கு வருவோம். உடுமலையில் 1984இல் தொடங்கிய சுகுணா நிறுவனம் போன்றவை பரவலாக்கிய ஒப்பந்தப் பண்ணை முறை, இந்த வட்டாரத்தின் முகத்தையே மாற்றியது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. பாவு நூலை ஜவுளி உற்பத்தியாளர் தர, விசைத்தறிக்காரர் மீட்டருக்குக் கூலி வாங்கி நெய்து தரும் ஏற்பாட்டைப் பழகிய மண்ணில் இது எளிதாக வேரூன்றியது. அப்படி வளரும் கறிக்கோழி, ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டி விற்பனைக்குப் போகிறது. அதன் தசையில் கொலாஜன் முதிர நேரமே இருப்பதில்லை. அரை மணிக்குள் வெந்துவிடும். இரண்டு மணி நேரம் வைத்தால் நாராகப் பிரிந்து வறண்டுபோகும். நெடுநேர ரகூவுக்கு அது ஏற்ற கறியல்ல.

ஏற்ற கோழி அந்தப் பெட்டிச் செய்தியின் வேறொரு வரியில் இருக்கிறது: முட்டைக்கோழி. ஓராண்டுக்கு மேல் முட்டையிட்டு ஓய்ந்த பிறகு நாமக்கல் பண்ணைகளிலிருந்து கழிக்கப்படும் கோழி. கறி கடினம், விலை குறைவு, அவசரச் சமையலுக்கு உதவாது. கறிக்கோழிக்குப் பழகிய பலரும் அதை ஒதுக்குகிறார்கள். அது பெரிய இழப்பு. பொலோன்யாவின் நெடுநேரச் சமையல் இப்படிப்பட்ட கறிக்கு ஏற்ற முறை. எலும்போடு வேகவைத்து, சாற்றை வடித்து, கறியைப் பிய்த்துக் கொத்தி, அதே சாற்றில் மறுபடி சுண்ட வைத்தால், ஆறு வாரக் கோழி ஒருநாளும் தராத ருசி கிடைக்கும். ஈரலையும் பொடியாக நறுக்கிக் கடைசியில் சேர்க்கலாம், அர்த்தூசியே சொன்னதுதான்.

ஆட்டுக்கறி என்றால் இன்னும் நல்லது. கன்னிவாடி, குண்டடம் ஆட்டுச் சந்தைகள் கூடும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தொடைக்கறியைவிடக் கழுத்தும் முன்சப்பையும் ரகூவுக்கு ஏற்றவை. எந்திரத்தில் அரைக்காமல் கத்தியால் கொத்தித் தரச் சொல்ல வேண்டும். அரைக் கிலோ கொத்துக்கறிக்கு ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம், ஒரு ஊட்டிக் கேரட், ஒரு செலரித் தண்டு போதும். பன்றிக் கொழுப்பின் இடத்தில் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு. வதக்குவதற்கு ஊத்துக்குளி வெண்ணெய். அர்த்தூசியின் குறிப்பிலும் வெண்ணெய்தான் என்பதால், ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். திருப்பூர் மாவட்டமே அதற்குச் சிறந்த பொருளை வைத்திருக்கிறது. இரண்டு தக்காளி, எலும்புச் சாறு இரண்டு குவளை, இறக்குவதற்கு அரை மணி முன் அரைக் குவளை எருமைப் பால். ஒயின் இல்லையென்றால் விட்டுவிடலாம். இஞ்சி, பூண்டு, மல்லித்தூள் வேண்டாம். அவை வந்தால் அது நம் கறிக்குழம்பாகிவிடும். நம் குழம்புக்கு வேறு நாள் இருக்கிறது.

எதோடு கலப்பது என்ற கேள்விக்குக் கொங்கு நாட்டில் உடனே வரும் விடை சந்தகை. ஊறவைத்த அரிசியை அரைத்து, முதலில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகை மரத்தில் இட்டுப் பிழிவது. மாவைப் பிழிந்தபின் வேகவைக்கும் இடியாப்பத்திலிருந்து வேறுபடுவது இந்த வரிசையில்தான். விருந்தாளி வந்தால் சந்தகையும் கோழிக்குழம்பும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். ஆனால் சந்தகையின் மெல்லிய இழை நீர்த்த குழம்பைத்தான் உறிஞ்சும். கெட்டியான ரகூவை அதோடு பிசைந்தால் இழை உடைந்து, கறி தட்டின் அடியில் தங்கிவிடும். பொலோன்யாக்காரர் ஸ்பகெட்டியை மறுப்பதும் இதே காரணத்தால். கொத்திய கறி தொற்றிக்கொள்ள அகலமான, சொரசொரப்பான பரப்பு வேண்டும். அதைச் செய்வது எளிது. 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் தண்ணீர் விடாமல் பிசைந்து, அரை மணி மூடி வைத்து, மெல்லிதாகத் தேய்த்து, சுருட்டி, நாடாவாக அரிந்து, உப்புப் போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம். நாமக்கல் முட்டை அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. நேரமில்லாதவர் கடையில் விற்கும் குட்டை மக்ரோனியை வாங்கலாம். அர்த்தூசியின் குதிரைப்பல்லுக்கு அது வெகு தூரமில்லை.

வெந்த நாடாவைத் தட்டில் போட்டு மேலே ஊற்றுவதில்லை. ரகூ இருக்கும் சட்டிக்குள்ளேயே அதைப் போட்டு, வேகவைத்த நீர் அரைக் கரண்டி விட்டு, ஒரு நிமிடம் புரட்டி எடுப்பார்கள். மீந்த ரகூவைக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் காலை அது அல்வாபோல் உறைந்து, கரண்டியை நட்டால் நிற்கும். மேலே படிந்த மஞ்சள் கொழுப்புக்குக் கீழே நடுங்கும் அந்த உறைவுதான், முந்தின நாள் கழுத்துக் கறியிலிருந்து கரைந்து வந்த ஜெலட்டின்.