ஆஸ்பத்திரியைப் பரிசோதிக்க வருகிறவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவி ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "சார், தரச்சான்றுக்கு ஆய்வுக் குழு வருது. வெள்ளையடிச்சாச்சு, ரிஜிஸ்டர் எல்லாம் சரி பண்ணியாச்சு. ஆனா நோயாளிங்ககிட்டயும் கேள்வி கேப்பாங்களாம். அவங்க என்ன சொல்வாங்களோன்னுதான் பயமா இருக்கு" என்றாள். டி.இ.ஓ. வருகிறார் என்றதும் நன்றாகப் படிக்கிற பையன்களை முன் பெஞ்சுக்கு மாற்றுகிற வித்தை எனக்குத் தெரியாததா? அவளிடம் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

நம் கரைக்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. 1550களிலேயே புன்னைக்காயலில் ஹென்றிக்கஸ் அடிகளார் காலத்தில் ஒன்று நடந்திருக்கிறது. 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர் என்று வகுப்பில் படித்தீர்களே, அவரேதான். ஊரார் கொடுத்த பணமும் அதற்கு உதவியது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பது ரொம்பப் பிந்தி வந்த சங்கதி. அதற்கு முன்னால் இந்தக் கரையில் பரிசோதிக்கப்பட்டது ஆஸ்பத்திரி அல்ல, ஜனங்கள்.

முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரையில் ஓலைக் குடிசைகளாலேயே ஓர் ஊர் முளைக்கும். முத்தெடுப்பதற்காகச் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்கள். அந்த நாற்றமும் ஈயும் சேர்ந்தால் காலரா பயம் வராமல் இருக்குமா? அரசாங்கத்தின் கவனம் முழுக்க, கூட்டத்தில் எவனுக்கு நோய் இருக்கிறது என்பதில்தான்.

இதைவிட அழுத்தமான சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் வந்தால் தட்டப்பாறை ஸ்டேஷன் வருமே, எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை அங்கே ஒரு முகாமில் தங்கவைத்தார்கள். காலராவும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகச் சில நாள் காவல். தேறியவர்கள்தான் தூத்துக்குடி வந்து தோணி ஏறி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் போகலாம். வ.உ.சி. கப்பல் விட்ட அதே கொழும்புப் பாதைதான். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று அவர்களோடு போகும். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று. அம்மை குத்துவது, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அங்கே நடந்தன. அந்த மருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் முகாம் எப்படி இருக்கிறது, மருந்து கொடுத்தவர் மரியாதையாக நடந்துகொண்டாரா என்று வரிசையில் நின்றவனைக் கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

தர்மாஸ்பத்திரிகளுக்கு ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாவட்டத்துப் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். சென்னை மாகாணத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அச்சாகும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை அறுவை, எவ்வளவு செலவு என்று கட்டம் கட்டமாக எண்கள். வந்தவர் என்ன சொன்னார் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

தனியார் கிளினிக்குகளின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றைப் பதிவுசெய்து முறைப்படுத்த தமிழ்நாட்டில் 1997இல் சட்டம் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல். இருபத்தொரு வருஷம்! அந்தச் சட்டம் வந்த வருஷம் பிறந்த பிள்ளை கல்லூரியே முடித்திருக்கும். அதுவரை ஒரு கிளினிக்கைப் பார்த்து "இங்கே போகலாமா?" என்று நாம் விசாரித்தது பக்கத்து வீட்டு அக்காவிடம்தான். (அக்காவின் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அது வேறு விஷயம்.)

இப்போது அந்த மாணவியின் விஷயத்துக்கு வருகிறேன். என்.க்யூ.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிற தேசியத் தரச்சான்றில் ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். முழுதாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1, இல்லையென்றால் 0. மொத்தத்தில் எழுபது சதவீதமாவது வேண்டும். நம் காலத்துப் பரீட்சையில் முப்பத்தைந்துக்கே பாஸ் போட்டோம்! சான்று மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். ஆய்வாளர்கள் நான்கு வழியில் விவரம் எடுக்கிறார்கள். நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியைக் கேட்பது. கழிப்பறை சுத்தமா, பரிசோதிக்கும்போது திரை போட்டார்களா, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார்களா, வெளியே வாங்கச் சொன்னார்களா... நாலாவது வழி இல்லாவிட்டால் இதில் பாதி தெரியவே வராது. திரை வாங்கிய ரசீது பதிவேட்டில் இருக்கும். அதை இழுத்துவிட்டார்களா என்பது படுத்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அவளிடம், "யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காதேம்மா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சார், சாயங்காலம் வர்றவங்களுக்குக் குடிக்கத் தண்ணி இருக்கிறதில்ல. அதச் சொல்லிருவாங்க" என்றாள். "சொல்லட்டும். நீ பத்துத் தடவை எழுதிக் கேட்டும் வராத தண்ணீர், அவர்கள் ஒரு தடவை சொன்னால் வந்தாலும் வரும்" என்றேன்.

வெள்ளையடித்த சுவருக்கும் மதிப்பெண் கிடைக்கத்தான் செய்யும். ஆய்வு முடிந்த மறுமாதம் பழைய நிலைமைக்கே திரும்பிவிடுகிற இடங்கள் இருக்காது என்று நான் நம்பவில்லை, பள்ளிக்கூடத்தில் பார்க்காததா. ஆனாலும் தட்டப்பாறையில் வரிசையில் நின்றவர்களின் பேத்திகளிடம் இன்றைக்கு ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து, "உங்களை எப்படிம்மா பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்கிறார். எனக்கு இது சின்ன மாற்றமாகத் தோன்றவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது தட்டப்பாறை வழியாகவோ மண்டபம் வழியாகவோ இலங்கைக்குப் போனவர்கள் இருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். அந்தத் தகரத் துண்டு யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.