எண் சரி, நேரம் சரியா?

தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் இருக்கும் கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களுக்குத் தொலைபேசி வந்த கதையை நாம் பெரும்பாலும் இணைப்புகளின் கணக்காகவே சொல்கிறோம். டிரங்க் கால் பதிவுசெய்து காத்திருந்த காலம், மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத், பிறகு கைபேசி. இந்த வரிசையில் தவறில்லை; ஆனால் எண்ணாக மாறிப் பயணம் செய்த குரல் மறுமுனையில் திரும்பக் குரலாகும் இடம் இதில் விடுபட்டுப் போகிறது. அங்கே பொறியாளர்களை அதிகம் படுத்தியது எண்ணின் பிழை அல்ல, நேரத்தின் பிழை. அதை அடக்கியதில் வேகமான உறுப்புகளைவிட நல்ல ஏற்பாட்டுக்கே பங்கு அதிகம்.

குரலை எண்ணாக்கி அனுப்பலாம் என்று பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இல் கண்டறிந்தார். வால்வுகளின் காலத்தில் அதற்குச் செலவு தாங்கவில்லை. 1962-இல்தான் அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் தடங்களில் அது வணிக நடைமுறைக்கு வந்தது. நொடிக்கு 8,000 முறை, அதாவது 125 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை, குரலின் அளவு எண்ணாகிறது. மறுமுனையில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ஸ்விட்ச். எண்ணுக்கு ஏற்ப அவை திறந்து மூடி மின்னழுத்தத்தை உருவாக்கும். சிக்கலைப் பார்க்க நான்கு பிட் போதும். 7 என்பது 0111; 8 என்பது 1000. ஒரே ஒரு படி ஏற, மூன்று ஸ்விட்சுகளை அணைத்து ஒன்றைப் போட்டாக வேண்டும். பெரிய ஸ்விட்ச் கொஞ்சம் முந்திக்கொண்டால் நடுவே 1111, அதாவது 15, தலைகாட்டும், பிந்தினால் 0000. வாசலில் மூன்று பேர் இறங்க ஒருவர் ஏறும் பேருந்தில் அந்த நொடியில் தலை எண்ணினால் வரும் கணக்கைப் போன்றது இது. முன்னும் பின்னும் எண் சரி. இடையில் மட்டும் ஒரு பொய் முள் குத்தி நிற்கும்.

ஸ்விட்சுகளை வேகமாக்கினால் முள் மெலியும், மறையாது. இரண்டு ஸ்விட்சுகள் அச்சாக ஒன்றுபோல் இயங்குவதில்லை. ஆகவே வேறு வழிகள் பிறந்தன. ஸ்விட்சுகள் மாறும்போது வெளியீட்டைப் பழைய அளவிலேயே பிடித்துவைத்து, எல்லாம் அடங்கிய பிறகு புதிய அளவைத் திறந்துவிடுவது ஒன்று. உயர்ந்த பிட்டுகளைச் சம எடையுள்ள பல ஸ்விட்சுகளாகப் பிரித்து, ஒரு படிக்கு ஒன்றே மாறும்படி அடுக்குவது இன்னொன்று. தொலைபேசிக் குறியீட்டிலேயே இந்தச் சாதுரியம் உண்டு. மெல்லிய பேச்சு சுழியத்தைச் சுற்றியே ஏறி இறங்கும். சாதாரண இரும எண்ணில் எல்லா பிட்டும் ஒருசேரப் புரளும் நடுப்புள்ளியும் அதுவே. ஐரோப்பாவும் இந்தியாவும் ஏற்ற ஏ-விதி முறை கூட்டல், கழித்தல் குறியை ஒரு பிட்டிலும் அளவை ஏழு பிட்டிலும் வைப்பதால், மெல்லிய பேச்சுக்கு அந்தப் பெரும்புரளல் வருவதில்லை. ஆனால் அந்த முறையில், யாரும் பேசாத தடத்தில் சுழியங்களாகவே போனால் மறுமுனை நேரத்தைக் கணிக்கத் துடிப்பு கிடைக்காது. எனவே ஒன்றுவிட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்கி அனுப்பினார்கள்.

இந்தியக் கிராமங்களுக்கு இந்த நுட்பத்தைக் கொண்டுசென்றதில் 1984-இல் தொடங்கிய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் 128 முனை கொண்ட கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் இயங்கியது. குளிர்சாதனம் இல்லாமல், வெயிலையும் தூசியையும் தாங்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நிபந்தனை. புதுக்கோட்டைச் சீமையின் கோடையில் அந்த நிபந்தனையின் அருமை புரியும். ஆனால் வெப்பம் ஏறினால் நேரம் காட்டும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பும் நகரும். இரு எக்ஸ்சேஞ்சுகளின் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே 125 நொடிக்கு ஒரு முறை எண்ணாக்கிய ஒரு குரல் அளவு தொலையும் அல்லது இரட்டிக்கும். விலை உயர்ந்த கடிகாரத்தை ஊருக்கு ஊர் வைக்கத் தேவையில்லை. சிறிய எக்ஸ்சேஞ்ச் தன் தாய் எக்ஸ்சேஞ்சிலிருந்து டிஜிட்டல் தடத்தில் வரும் துடிப்பையே தன் கடிகாரமாகக் கொள்ளும். அந்தத் தாய்க்கு மேலே இன்னொன்று. உச்சியில் இருக்கும் கடிகாரத்துக்கு உலகளாவிய வரம்பு பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அத்தகைய இரு வலைகள் சந்தித்தால் 70 நாளுக்கு ஒரு தவறல்கூட அரிது.

3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டிவிடும் தொலைபேசியில் இந்த முள் யார் காதில் விழும் என்று கேட்கலாம். முள் எப்போதும் ஒரே அளவில் வந்தால் வடிகட்டி போதும். அது எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குத் தாவுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுவதால், பேச்சோடு பின்னிக் கேட்கும் அலைவரிசைக்குள்ளேயே சிதைவாக இறங்கிவிடுகிறது. கடிகாரத் தவறலைப் பேசுபவர் ஒரு சின்னச் சொடக்காகப் பொறுத்துக்கொள்வார். ஃபேக்ஸ் தாளில் அது வரிகளையே தின்னும். கிராமத்துக்குத் தொலைபேசியைக் கொண்டுவந்தது அரசின் கொள்கையே ஒழிய பிட்டும் கடிகாரமும் அல்ல என்பது வலுவான மறுப்பு. இணைப்பு வந்ததற்குக் கொள்கைதான் காரணம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வந்த இணைப்பில் பேசியது புரிந்ததற்குக் காரணம் வேறு. கொள்கை கேட்ட மலிவையும் எளிமையையும் சாத்தியமாக்கியது, விலை கூடிய உறுப்புகளைத் தேடாமல் குறியீட்டையும் நேரத்தையும் ஒழுங்குசெய்த இந்த ஏற்பாடுதான். ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் வாங்கியும் இயங்கும் இன்றைய 5ஜி கோபுரங்களில் நேரப் பிழை 1.5 மைக்ரோ நொடியைத் தாண்டக் கூடாது. பழைய எக்ஸ்சேஞ்சுகள் போனாலும் அவை தீர்த்த கணக்கு போகவில்லை. வரம்புதான் இன்னும் இறுகியிருக்கிறது.