பிரதிக்கூடும் சாட்சிக்கூடும்

எங்கள் உதியன்குளங்கரைப் பக்கத்தில் கோர்ட்டு பாஷை பாதி மலையாளம்தான். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று யாரும் நீட்டி முழக்க மாட்டார்கள். 'பிரதி' என்பார்கள். ஒன்றாம் பிரதி, இரண்டாம் பிரதி. அவர் நிற்கிற இடம் பிரதிக்கூடு. சாட்சி நிற்கிற இடம் சாட்சிக்கூடு. இரண்டுக்கும் நடுவே நாலைந்து எட்டு இருந்தால் அதிகம். அந்த நாலைந்து எட்டைப் பிரதி தன் விருப்பப்படி நடந்து கடந்து, சத்தியம் செய்து, தன் கதையைத் தானே சொல்லலாம் என்று நம் சட்டம் அனுமதித்தது 1956-ல்தான். அதுவரை அவருக்கு அந்தப் பாதை அடைபட்டே இருந்தது.

நான் வக்கீல் இல்லை. கடல் தாண்டி வந்து பொட்டி தட்டுகிறவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வரக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊர்க்கதை.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், அதைத் தாண்டிச் சுசீந்திரம். ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். இன்று நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. அன்று எல்லாமே திருவிதாங்கூர். சுசீந்திரம் என்றால் தாணுமாலயன் கோயிலும் பெரிய அனுமாரும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்தக் கோயிலுக்கு இன்னொரு பெயரும் இருந்தது, 'கைமுக்கு' நடக்கிற இடம் என்று.

கைமுக்கு என்றால் கையை முக்குவது. எதில்? கொதிக்கிற நெய்யில். பெரும்பாலும் நம்பூதிரிகள் மேல் வரும் ஒழுக்கக் குற்றச்சாட்டுகளுக்கு இந்தச் சோதனை. கொதிக்கும் நெய்க்குள் கிடக்கும் சிறு உருவத்தைக் கையால் எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துக் கட்டைப் பிரிப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி, வேகவில்லை என்றால் நிரபராதி. அகலிகை விவகாரத்தில் சாபம் வாங்கிய இந்திரன் இங்கே வந்துதான் சுத்தமானான், 'சுசி' என்ற சொல்லிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது என்பது தலபுராணம். (நெய்யாறு ஓடுகிற தாலுகாவில் பிறந்தவனுக்கு நெய் என்றால் இப்படியும் ஒரு அர்த்தம் இருந்தது என்று லேட்டாகத்தான் தெரிந்தது!)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரதியிடம் யாரும் 'நீ என்ன சொல்கிறாய்' என்று கேட்கவில்லை. அவருடைய வாய்க்கு அங்கே வேலையே இல்லை. கையின் தோல் சாட்சி சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் திருவிதாங்கூரில் கோர்ட்டும் இருந்தது. ரெசிடென்டாக வந்து திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1811-ஐ ஒட்டி ஜில்லாக் கோர்ட்டுகளை ஏற்படுத்தினார். அவற்றில் ஒன்று பத்மநாபபுரத்தில். அதாவது தக்கலைக்குப் பக்கத்தில் நீதிபதி சாட்சி விசாரித்துக்கொண்டிருக்க, சுசீந்திரத்தில் நெய் கொதித்துக்கொண்டிருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் (ஆட்சி 1829 முதல் 1846 வரை) கைமுக்கு நிறுத்தப்பட்டது.

சரி, நெய் போயிற்று. பிரதிக்குப் பேச வாய் கிடைத்ததா? இல்லை.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு பழைய பயம் இருந்தது. பிரதிக்குத் தன் தலை தப்ப வேண்டும். சத்தியம் செய்யச் சொன்னால் பொய்ச் சத்தியம்தான் செய்வான், அந்தப் பாவத்துக்கு நாம் ஏன் வழி செய்ய வேண்டும் என்ற பயம். இங்கிலாந்தில் நெடுங்காலம் இதுதான் வழக்கம். அமெரிக்காவில் மெய்ன் மாகாணம் 1864-ல் இந்தத் தடையை நீக்கியது. இங்கிலாந்து 1898-ல் நீக்கியது. ஆனால் அதே 1898-ல் இந்தியாவுக்கு எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தடையை அப்படியே விட்டுவிட்டார்கள்! 342-ஆம் பிரிவு: நீதிபதி பிரதியைக் கேள்வி கேட்கலாம், ஆனால் சத்தியம் செய்விக்கக் கூடாது. 1873-ஆம் வருஷத்துச் சத்தியப் பிரமாணச் சட்டமும் அதையே சொன்னது.

இதற்கு நல்ல பக்கமும் உண்டு. சத்தியம் இல்லை என்பதால் பொய் சொன்னாலும் தண்டனை இல்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. கெட்ட பக்கம், சத்தியத்தின் பலமும் அந்தப் பேச்சுக்கு இல்லை. 1908-ல் பம்பாயில் திலகர் தனக்காக இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அது வக்கீல் ஸ்தானத்தில் பேசிய வாதம், சாட்சியம் அல்ல. சாட்சிக்கூடு அவருக்கும் மூடித்தான் இருந்தது.

நம் பக்கத்து ஆள் ஒருவரின் வழக்கைச் சொன்னால் இன்னும் விளங்கும். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சதி செய்ததாகத் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 'ஹரிதாஸ்' அந்த வருஷத் தீபாவளிக்கு வெளியாகி ஓடிக்கொண்டிருந்த நேரம். சென்னை ஹைகோர்ட்டில் ஜூரி வைத்து விசாரணை. 1945-ல் ஆயுள் தண்டனை. அப்பீலும் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்ப ஹைகோர்ட்டுக்கே வந்து, 1947-ல் இருவரும் விடுதலையானார்கள்.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு குரல்கள் அவை. ஒருவர் பாடினால் கூட்டம், ஒருவர் பேசினால் சிரிப்பு. அந்த இருவருக்கும் ஜூரிகள் முன்னால் சத்தியம் செய்து 'நடந்தது இதுதான்' என்று சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை. சொல்லியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? அதை யாராலும் சொல்ல முடியாது. சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிற வாய்ப்பே இல்லை என்பதுதான் விஷயம். இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறை அனுபவித்துவிட்டு வெளியே வந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு படிகள். முதல் படி 1950 ஜனவரி 26. அரசியல் சாசனத்தின் 20(3): குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இரண்டாம் படி 1955-ஆம் வருஷத் திருத்தம், அமலுக்கு வந்தது 1956 ஜனவரி 1. புதிதாக 342ஏ என்று ஒரு பிரிவு. அதன்படி பிரதி சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம். ஆனால் அவரே எழுத்து மூலம் கேட்டால்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். அவர் ஏறாவிட்டால் அதைப் பற்றிக் கோர்ட்டோ எதிர்த்தரப்போ வாய் திறக்கக் கூடாது, அதிலிருந்து எதையும் ஊகிக்கவும் கூடாது.

அதே 1956 நவம்பர் 1-ல் எங்கள் திருவிதாங்கூர் இரண்டானது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் அந்தப் பக்கம். நெய்யாற்றின்கரை தாலுகாவும் அதில் இருந்த நாங்களும் இந்தப் பக்கம். களியக்காவிளையில் செக்போஸ்ட் வந்தது, பஸ் மாறியது. ஆனால் பத்து மாதம் முன்னால் வந்த இந்த உரிமை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. 1973 சட்டத்தில் அது 315-ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 353.

சரி, கதவைத் திறந்துவிட்டார்களே, நம் ஊரில் பிரதிகள் வரிசையாக ஏறினார்களா? இல்லை. வக்கீல்கள் ஏற்றத் தயங்குகிறார்கள். ஏறினால் குறுக்கு விசாரணை. ஒரு தேதி தடுமாறினாலும் பிராசிகியூஷன் நிரூபிக்க முடியாமல் விட்ட ஓட்டையைப் பிரதியே அடைத்துக் கொடுத்துவிடுவார். அதோடு நம் சட்டத்தில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. சாட்சிகள் முடிந்ததும் நீதிபதியே பிரதியிடம் கேள்வி கேட்பார் (பழைய 313, இன்றைய 351). சத்தியம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, பொய்க்குத் தண்டனை இல்லை. 'தெரியாது', 'பொய்', 'சரியல்ல' என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆனால் இதை முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நேரடி சாட்சி இல்லாத, சந்தர்ப்ப சாட்சியம் மட்டும் உள்ள வழக்கில், சங்கிலி ஏற்கனவே முழுமையாக இருந்தால், பிரதி சொன்ன பொய் விளக்கத்தை இன்னொரு கண்ணியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1984-ல் சாரதா வழக்கில் சொன்னது. நாலு சுவருக்குள் மனைவி இறந்து கிடந்து, புருஷன் வாயே திறக்கவில்லை என்றால், அந்த மௌனமும் அவருக்கு எதிராகத் திரும்பலாம் என்பதை 2006-ல் த்ரிமுக் மாரோதி கிர்கன் வழக்குத் தீர்ப்பில் பார்க்கலாம். மௌனம் உரிமைதான். ஆனாலும் அதற்குச் சில இடங்களில் விலை உண்டு.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு ஒரு முறை ஜூரி வேலைக்கு அழைப்பு வந்தது. ஒரு திருட்டு வழக்கு. பிரதி இளைஞர், மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சாட்சி சொல்லாததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிபதி தெளிவாகவே சொன்னார். கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்ததும் முதலில் வந்த பேச்சு, "நானாக இருந்தால் எழுந்து கத்தியிருப்பேன், இவன் ஏன் பேசவில்லை?" அறையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். ரிடையரான பள்ளி ஆசிரியை ஒருவர்தான் நீதிபதி கொடுத்த தாளை எடுத்து அந்தப் பத்தியை மெதுவாக உரக்கப் படித்தார். பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. மற்ற சாட்சியங்களை வைத்தே ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி, இன்னொன்றில் இல்லை என்று முடிவு செய்தோம்.

அந்தப் பத்திக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜார்ஜியா மாகாணம் 1961 வரை பிரதியைச் சத்தியம் செய்து பேசவே விடவில்லை. இந்தியாவுக்கும் பிந்தித்தான் அங்கே விடிந்தது! 1965-ல் கிரிஃபின் வழக்கில், பிரதியின் மௌனத்தைக் காட்டி பிராசிகியூட்டர் வாதாடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பேசுவதா என்ற முடிவு பிரதியுடையது, அந்த உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது என்று 1987-ல் ராக் வழக்கில் சொன்னார்கள். இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது. அங்கே 1994 சட்டப்படி, பிரதி சாட்சி சொல்லாவிட்டால் ஜூரி அதிலிருந்து ஊகம் செய்யலாம்.

நம் நாட்டில் நெய் வேறு வேஷத்தில் திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். 2000-க்குப் பிறகு நார்கோ பரிசோதனை என்று ஒன்று பரவியது. மருந்து ஏற்றி, அரை மயக்கத்தில் பேச வைப்பது. கேரளத்தில் அபயா வழக்கிலும் 2007-ல் நடந்தது. வீடியோவைப் பார்த்து ஊரே தீர்ப்புச் சொன்னது. 2010 மே மாதம் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட், சம்மதமில்லாமல் இதைச் செய்யக் கூடாது, 20(3)-க்கு விரோதம் என்றது. எனக்கு அதைப் படித்தபோது சுசீந்திரம்தான் ஞாபகம் வந்தது. அன்று கைத்தோல், இன்று மயங்கிய மூளை. ஆளைக் கேட்காமல் அவன் உடம்பைக் கேட்கிற அதே ஆசை.

ஒரு பிரதி பேசலாம், பேசாமலும் இருக்கலாம் என்பது இரண்டு உரிமை அல்ல, ஒரே உரிமைதான். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் போகும். பேசவே கூடாது என்ற காலத்தில் மௌனத்துக்கு மதிப்பில்லை, அது வாய்ப்பூட்டு. பேசியே ஆக வேண்டும் என்றால் பேச்சுக்கு மதிப்பில்லை, அது கொதிக்கிற நெய்.

ஊரில் யாருக்காவது, தெரிந்தவர்களுக்கு, வழக்கு என்று வந்தால் இதை மட்டும் சொல்லி வையுங்கள். கூண்டில் ஏறுவது நல்லதா கெட்டதா என்று வக்கீலிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பிரதிதான். அவர் எழுதிக் கேட்காமல் அவரை யாரும் அங்கே ஏற்ற முடியாது.