வாய்ச்சொல்லும் வணிகமும்: இரு திரைச் சான்றுகள்

'பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை' என்பார்கள். நாற்பது வருஷம் கடை நடத்தியவன் என்கிற முறையில் ஒன்று சொல்வேன்: வாசம் தெருமுனை வரைதான் போகும். அதற்கப்பால் அதைக் கொண்டுபோவது மனிதர் வாய்தான். இதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று இந்தியில் 'ஷோலே' வெளியானது. பத்திரிகை விமர்சனங்கள் சாதகமாக இல்லை. தொடக்கத்தில் வசூலும் மந்தம்தான். திரைப்பட வியாபார வட்டாரம் 'தேறாது' என்றே நினைத்தது. ஆனால் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கப்பர் சிங்கின் வசனங்களைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். பாலிடார் கம்பெனி வசனங்களையே இசைத்தட்டாகப் போட்டு விற்றது. பம்பாய் மினர்வா தியேட்டரில் படம் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

அடுத்தது நம்ம ஊர்ச் சரக்கு. 2011 நவம்பர் 16 அன்று '3' படத்தின் 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டு யூடியூபில் அதிகாரபூர்வமாக வந்தது. சில நாட்களிலேயே ஃபேஸ்புக், ட்விட்டர் வழியாகப் பரவி, தமிழே அறியாதவர்களும் முணுமுணுத்தார்கள். ஆனால் 2012 மார்ச் 30 அன்று வந்த படம், பாட்டளவுக்குப் பேர் வாங்கவில்லை.

இரண்டிலும் பேசியவர்கள் ஜனங்களே. பின் ஏன் இந்த வித்தியாசம்? முன்னதில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவன் பேசினான். பின்னதில் கைப்பிடி மாதிரியைப் பார்த்தவன் பேசினான். மாதிரியைப் பார்த்தவன் கூட்டம் சேர்ப்பான். மூட்டையைப் பிரித்தவன் சொல்லில்தான் கடை நிற்கும். செய்தி போகிற வேகம் மாறியிருக்கிறது. இந்தக் கணக்கு மாறவில்லை.