வந்தாறுமூலைக் கம்பஸ்: கைநூலில் இல்லாத பக்கங்கள்

ஏ.எல். ரிசல்ட் வந்து இசட் ஸ்கோரும் கையில் கிடைச்சால் வீட்டில் வரும் முதல் கேள்வி "எந்தக் கம்பஸ் கிடைக்கும்?" என்பதுதான். கொழும்பு, பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம் என்று விருப்ப வரிசையை எழுதி, கீழே எங்கேயோ கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் போடுவோம். "வந்தாறுமூலை எண்டாலும் பரவாயில்லை, வீட்டுக்குக் கிட்டத்தானே" என்று அம்மாமார் சொல்லுவார்கள். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கே அது பெரும்பாலும் இரண்டாம் தெரிவு.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாடநெறி இருக்கு, அனுமதித் தகைமை இருக்கு. அந்த வளவின் கதை இல்லை. அது தெரியாமலேயே அங்கே நாலு வருசம் படித்துப் பட்டம் வாங்கலாம். தெரிந்துகொண்டு போனால் படிப்புக்கு வேறொரு கனம் வரும் என்பது என் எண்ணம்.

வந்தாறுமூலை மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர். திருகோணமலை வீதியில் ஏறாவூர், செங்கலடி தாண்டினால் வரும் கிராமம். இப்படியொரு இடத்துக்குப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது? அதற்கு முதல் அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1940களில் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகளைத் திறந்த காலத்தில் உருவானதுதான் வந்தாறுமூலை மத்திய கல்லூரி. நகரத்து மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் போக வசதியில்லாத விவசாயி வீட்டுப் பிள்ளையும் விடுதியில் தங்கி மேற்படிப்புக்குத் தயாராகலாம் என்பதே அந்தத் திட்டத்தின் நோக்கம். கூத்து ஆய்வாளர் பேராசிரியர் சி. மௌனகுரு அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

ஆனால் பள்ளிக்கூடம் முடித்தபிறகு பல்கலைக்கழகம் என்றால் கிழக்கை விட்டு வெளியேற வேண்டும். 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் திறந்தபிறகும் கிழக்கில் எதுவும் இல்லை. 1970களின் தரப்படுத்தல் சண்டை, 1978 நவம்பர் சூறாவளி எல்லாவற்றையும் கடந்துதான் இந்தக் கோரிக்கை நகர்ந்தது. அப்போது அமைச்சராக இருந்த கல்குடா நாடாளுமன்ற உறுப்பினர் கே.டபிள்யூ. தேவநாயகத்தின் பங்கை இதில் மறக்க முடியாது. 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்த மத்திய கல்லூரிக் கட்டடங்களில் தொடங்கியது. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

விஞ்ஞானம், விவசாயம் என்று இரண்டு பீடங்கள். பேராதனையின் இணைப்பில் இருந்த கல்லூரி, 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகமாக மாறியது. 1988இல் வர்த்தக முகாமைத்துவ பீடம் வந்தது. அடுத்த பீடம் வருவதற்குள் 1990 வந்துவிட்டது.

1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்க, சுற்றுக் கிராமத்துச் சனம் பல்லாயிரக்கணக்கில் கம்பசுக்குள் வந்து சேர்ந்தது. விரிவுரை மண்டபங்கள் அகதி முகாமாகின. முகாமை நடத்தியவர்கள் அங்கே மிஞ்சியிருந்த விரிவுரையாளர்கள். அவர்களில் ஒருவரான கலாநிதி தங்கமுத்து ஜெயசிங்கம் பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் முகாமைச் சுற்றி வளைத்தது. ஆட்களை வயதுவாரியாக வரிசையில் விட்டு, முகமூடி போட்டவர்களுக்கு முன்னால் நடக்க வைத்தார்கள். அன்று 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அதே மாதம் 23ஆம் திகதி இன்னும் 16 பேர். ஒருவரும் திரும்பவில்லை.

முகாம் பொறுப்பாளர்கள் பெயர்ப்பட்டியலை வைத்திருந்தார்கள். 1994இல் ஆட்சி மாறியபின் வடக்கு கிழக்குக்காக நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு அவர்களின் சாட்சியத்தைப் பதிவுசெய்தது. பதிவோடு விசயம் நின்றது, யாரும் தண்டிக்கப்படவில்லை. உறவினர்கள் இப்பவும் செப்டெம்பர் 5இல் படங்களோடு வந்து விளக்கேற்றுகிறார்கள். அண்டைக்கு லெக்சருக்குப் போகிற பிள்ளை அந்தப் படங்களைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும். அவை யாருடையவை என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பதினாறு வருசம் கழித்து இன்னொரு அடி. 2006 செப்டெம்பர் கடைசியில் கலைப்பீடாதிபதி பாலசுகுமார் கடத்தப்பட்டார். துணைவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத் பதவி விலக வேண்டும் என்பதே கடத்தியவர்களின் கோரிக்கை. பீடாதிபதி பின்னர் விடுவிக்கப்பட்டார். ரவீந்திரநாத் பதவிவிலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கொழும்பில் இருந்தபடி வேலை செய்தார். அந்த வருசம் டிசெம்பர் 15ஆம் திகதி, கொழும்பின் கடும் பாதுகாப்புப் பகுதியில் நடந்த ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போனவர் காணாமல் போனார். ஒரு நாட்டின் பல்கலைக்கழகத் துணைவேந்தர், தலைநகரத்தில், பட்டப்பகலில். அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இவ்வளவுக்கு நடுவிலும் கம்பஸ் இயங்கியது என்பதுதான் அடுத்து சொல்ல வேண்டியது. 1991இல், அந்தச் செப்டெம்பருக்கு அடுத்த வருசமே, கலை கலாசார பீடம் தொடங்கியது. மௌனகுரு தான் படித்த வளவுக்கே ஆசிரியராக வந்து நுண்கலைத் துறையை வளர்த்தார். நாட்டார் கலை என்று ஒதுக்கப்பட்டிருந்த வடமோடி, தென்மோடிக் கூத்து பட்டப்படிப்புக்குள் வந்தது. சி. ஜெயசங்கர் சீலாமுனை ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில், பல்கலைக்கழகம் ஊருக்குள் போய்க் கற்றது. விவசாய பீடம் தன் வளவின் மணல் நிலத்தில் என்ன விளையும் என்று பரிசோதித்தது. இதைக் கொழும்பில் இருந்து யாரும் வந்து செய்திருக்க மாட்டார்கள்.

இன்று சேரும் பிள்ளைக்குத் தெரிவுகள் கூட. மருத்துவமும் தாதியியலும் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் இருக்கு. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. திருகோணமலை வளாகத்தில் தமிழில் வேரூன்றிய சித்த மருத்துவத்தைப் பட்டமாகப் படிக்கலாம். விஞ்ஞானம், விவசாயம் போன்றவை ஆங்கில மொழிமூலம். சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே விடுதியில், ஒரே கன்ரீனில் பழகுகிறார்கள். போர்க்காலத்தில் வளர்ந்த நம் அண்ணன்மாருக்கு இது அவ்வளவு லேசாகக் கிடைக்காத வாய்ப்பு.

குறை இல்லையா? இருக்கு. வேலை தேடும்போது கொழும்புப் பட்டத்துக்கு இருக்கும் மவுசு இதற்கு இல்லை. கலைப் பட்டதாரிகள் வேலைக்காக வீதியில் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறோம். இதை மறைத்து "வாங்கோ" என்று கூப்பிட்டால் அது விளம்பரம்.

ஆனாலும் தரவரிசையை மட்டும் வைத்து ஒரு கம்பசை அளக்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் பல்கலைக்கழகமாகி, அகதி முகாமாகி, ஆட்களைப் பறிகொடுத்து, அடுத்த வருசமே புதுப் பீடம் திறந்திருக்கு. இந்த உழைப்பை எந்தத் தரவரிசையில் எண்ணுவது? புதுமுக மாணவருக்குச் சட்டதிட்டம் சொல்லும் முதல் வாரத்தில், இந்தக் கதைக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். 158 பேரின் பெயரையும் ஒருதரம் வாசிக்கலாம். அவர்களில் பலர் இன்று அங்கே சேரும் பிள்ளைகளின் வயதுக்காரர்.