ஏ. டி. பன்னீர்செல்வம்

சர் ஏ. டி. பன்னீர்செல்வம் (ஜூன் 1, 1888 – மார்ச் 1, 1940) நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். தஞ்சாவூர் நகராட்சித் தலைவராகப் பொதுவாழ்வைத் தொடங்கி, வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் பேராளராகப் பங்கேற்கும் நிலைக்கு உயர்ந்தார்.

இளமை

இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள பெரும்பண்ணையூர் அருகே செல்வபுரத்தில் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் தஞ்சாவூரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

உள்ளாட்சிப் பணி

1918 முதல் 1920 வரை தஞ்சாவூர் நகராட்சித் தலைவராக இருந்தார். இந்நகராட்சி 2014இல் மாநகராட்சியானதால், அப்பதவியை இன்றைய மேயர் பதவிக்கு ஒப்பிடலாம். 1924 முதல் 1930 வரை தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராக விளங்கினார்.

மராத்திய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் அக்காலத்தில் மாவட்டக் கழகத்தின் மேலாண்மையில் இருந்தன. அவ்வருவாயில் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது. பன்னீர்செல்வம் அங்குத் தமிழ் வித்துவான் படிப்பைத் தொடங்கச் செய்தார். அக்கல்லூரி பின்னர் அரசர் கல்லூரி எனப்பட்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் த. வே. உமாமகேசுவரனார் இம்முயற்சியில் துணைநின்றார். ஒரத்தநாட்டுச் சத்திர விடுதியிலும் பிராமணரல்லாத மாணவர் தங்கிப் பயில வழி ஏற்பட்டது.

அரசியல்

1931இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டின்போது, அம்பேத்கர், ஆகா கான் முதலியோருடன் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். 1930களின் நடுப்பகுதியில் சென்னை மாகாண ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினராகவும், 1937இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராகவும் பணியாற்றினார்.

1937 தேர்தலில் நீதிக்கட்சி பெருந்தோல்வி அடைந்தது. அதன்பின் அமைந்த இராசகோபாலாச்சாரி அரசு 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, பன்னீர்செல்வம் பெரியாருடன் இணைந்து அதனை எதிர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய கட்சி மாநாடு, சிறையிலிருந்த பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவரது தலைமையுரையை மேடையில் படித்தவர் பன்னீர்செல்வமே.

மறைவு

இந்திய அமைச்சருக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்டு, 1940இல் இலண்டனுக்குப் புறப்பட்டார். மார்ச் 1 அன்று அவர் சென்ற இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் 'ஹனிபால்' வானூர்தி, ஜிவானியிலிருந்து சார்ஜாவுக்குச் செல்லும் வழியில் ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்தது. அதிலிருந்த எண்மரும் இறந்தனர். வானூர்தியின் சிதைவுகள் கிடைக்கவில்லை. தோல்வியிலிருந்து மீள முயன்ற நீதிக்கட்சி, ஆட்சி அனுபவமும் இலண்டனில் அறிமுகமும் உடைய தலைவரை இவ்வாறு இழந்தது. பெரியார் 'குடிஅரசு' இதழில் ஆழ்ந்த இரங்கல் எழுதினார். ஈரோட்டிலுள்ள பன்னீர்செல்வம் பூங்கா இவர் பெயரைத் தாங்கியுள்ளது.